மச்சில் இருப்பது எலி அல்ல

சிவகுரு முப்பத்தோரு வருடம் ஒரு தேயிலை பேக்டரியில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் அந்த பேக்டரியில் ஓர் எலிகூட இருந்ததில்லை. இருந்ததில்லை என்று எழுதிக் கொடுத்ததே அவர்தான். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் எலிப்பொறிகளையெல்லாம் எடுத்து ஸ்டோர் ரூமில் பூட்டச் சொல்லுவார். பொறி கண்ணில் பட்டால் எலி இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கட்சி. வந்தவர்களும் பொறி எதுவும் தென்படவில்லை என்று திருப்தியோடு குறித்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு பாக்கெட் நல்ல டீத்தூளோடு போய்ச் சேருவார்கள்.

அதனால், குன்னூருக்குச் சற்று வெளியே அவர் குடியிருந்த வீட்டின் மச்சில், ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் ஏதோ ஓடத் தொடங்கியபோது, அது எலியாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் வீட்டோடு ஒட்டினாற்போல இன்னும் இரண்டு வீடுகள் இருந்தன. எஸ்டேட்காரர்கள் ஸ்டாப் குவார்ட்டர்ஸாகக் கட்டிப் பிறகு ஒவ்வொன்றாக விற்றவை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே நீளத் தகரக் கூரை. கூரைக்குக் கீழே மரப்பலகை சீலிங். இரண்டுக்கும் நடுவே ஆள் குனிந்து நடக்கும் அளவுக்கு இருந்த இடத்தைத்தான் மச்சு என்றார்கள். கீழே வீட்டுக்கு வீடு சுவர் இருந்தது. மச்சில் இல்லை. இந்தக் கோடியில் ஏறினால் அந்தக் கோடி வரை போகலாம்.

நடு வீட்டில் லிங்கசாமி இருந்தார். கூட்டுறவுப் பண்டகசாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி வீட்டில் ரேணுகாவும் அவள் அம்மா ஆண்டாயியும். ரேணுகா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவள் அப்பா, சிவகுருவின் பேக்டரியில் கொழுந்து மூட்டை தூக்கியவர், ஐந்து வருடத்துக்கு முன்பு இறந்துபோனார். மூட்டை தூக்கியவரின் மகள் ஸ்டாப் குவார்ட்டர்ஸை வாங்கியதில் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சிவகுரு யாரும் கேட்காமலே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் அந்த மூன்று வீட்டையும் 'காலனி' என்பார். கேட்டில் போர்டும் மாட்டியிருந்தார். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து இருபது வயதில் கப்பலேறி வந்த ஆண்டாயி மட்டும் அதை 'லயம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். தோட்டத்து லைன் வீட்டுக்கு அவர்கள் ஊர்ப் பேர் அது. சிவகுரு இரண்டு தடவை திருத்திப் பார்த்தார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, இந்த லயம் நல்ல லயம்தான் என்றாள்.

மேலே சத்தம் கேட்ட மூன்றாம் நாள், காலனியின் செயலாளர் என்ற முறையில், சிவகுரு வாட்ஸாப் குரூப்பில் ஒரு அறிவிப்புப் போட்டார். மேல் பகுதியில் கேட்கும் ஒலி, குளிரில் தகரம் சுருங்குவதால் ஏற்படுவது, யாரும் பதற்றமடைய வேண்டாம். லிங்கசாமி உடனே, தன் வீட்டில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று கும்பிடு படத்தோடு பதில் போட்டார். ரேணுகா 'எலி சார்' என்று போட்டாள். சிவகுரு அட்மின் என்பதால் அதை நீக்கினார்.

அவர் மனைவி மாலதி அடுத்த நாள் காலையில், ஓரம் சுரண்டப்பட்ட துணி சோப்பை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏனுங்க, தகரம் சோப்புத் திங்குமுங்களா?"

சிவகுரு சோப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இது அணில் என்றார். வாசலில் நிற்கும் பேரிக்காய் மரத்தின் கிளை கூரையில் உரசுகிறது, அதன் வழியாக வந்திருக்கும் என்றார். மரம் வேறு யாருடையதாவது இருந்திருந்தால் வெட்டச் சொல்லியிருப்பார். அது அவருடையது. இரண்டு நாள் கழித்து அரிசி டின்னுக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ கிடந்ததை மாலதி காட்டினாள். அவர் அதைத் தீக்குச்சியால் ஒரு வெள்ளைத்தாளில் தள்ளி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், டீத்தூளைத் தரம் பிரிக்கிற பழக்கத்தில் நீளம், பருமன், நிறம் எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு மரநாயாக இருக்கலாம் என்றார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது. மரநாய் என்றால் வனத்துறை சமாச்சாரம். காட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அது ஒரு கௌரவம்.

அதை நிரூபிப்பதற்காக அவரே ஏணி வைத்து ஏறி, மச்சில் கோலமாவைச் சலித்துப் பரப்பிவிட்டு இறங்கினார். காலையில் போய்ப் பார்த்தபோது மாவு முழுக்கக் காலடி. செல்போனில் பத்துப் படம் எடுத்து, டூரிஸ்ட்டுகளைப் பறவை பார்க்க அழைத்துப் போகும் கீர்த்திவாசன் என்ற இளைஞனுக்கு அனுப்பினார். அவன் அரை மணி நேரத்தில் கூப்பிட்டான்.

"வாலு இழுத்த கோடு நல்லாத் தெரியுதுங்க சார். மரநாயும் இல்ல, அணிலும் இல்ல. கூரை எலிங்க. குட்டிக் காலடியும் நெறைய இருக்குது. நல்ல ஆரோக்கியமான காலனி சார்."

ஒன்பது வருடமாகச் செயலாளராக இருக்கிறார். வெளி ஆள் ஒருவர் 'காலனி' என்ற வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சிவகுரு நன்றி சொல்லி போனை வைத்தார்.

இனி எலியை ஒழிக்க வேண்டும். எலி இருந்தது வெளியே தெரியாமல் ஒழிக்க வேண்டும். குன்னூர் மார்க்கெட்டில் எலிக்கூண்டு வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள். கோத்தகிரிக்கு பஸ் ஏறிப் போய், கடைக்காரர் கேட்காமலே சொந்தக்காரர் ஒருவருக்காக என்று சொல்லி, ஒரு கம்பிக்கூண்டு வாங்கி, பேப்பர் சுற்றிக் கொண்டுவந்தார். தேங்காய்த் துண்டு வைத்தார். மறுநாள் காலையில் ஓர் எலி உட்கார்ந்திருந்தது. கரும்பழுப்பு நிறம், பெரிய காது, பாதியில் அறுந்த வால். கொல்ல அவருக்குக் கை வரவில்லை. கொன்றாலும், செத்த எலியைக் குப்பை வண்டிக்காரர் முன்னால் எப்படிக் கொட்டுவது? ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில் கொண்டுபோய்த் திறந்துவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து அதே அறுந்த வால் கூண்டில் உட்கார்ந்திருந்தது. மறுபடி விட்டார், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் தள்ளி. அந்த வாரத்தில் அவர் பிடித்தது ஏழு தடவை. எத்தனை எலி என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் லிங்கசாமி வந்து ஒரு சேதி சொன்னார். அவர் மகன் அருண்பிரசாத்துக்குக் கேத்தியில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பெயர் ஸ்வேதா. பேச்செல்லாம் கூடி வந்துவிட்டது. கார்த்திகை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் மாப்பிள்ளை ஊடு பார்க்க வருகிறார்கள். சிவகுருவும் மாலதியும் கூட இருந்து நடத்திக் கொடுக்க வேண்டும். சொல்லிவிட்டு லிங்கசாமி சீலிங்கை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். சிவகுருவும் பார்த்தார். இரண்டு பேரும் குளிரைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

ஞாயிறுக்கு இன்னும் பத்து நாள். எலியைத் திரும்பி வர முடியாத தூரத்தில் விட வேண்டும் என்று சிவகுரு முடிவு செய்தார். பர்லியார் அவர் நினைவுக்கு வந்தது. மேட்டுப்பாளையம் போகிற வழியில், மலைக்கு அடியில், வெக்கையான இடம். அரசாங்கப் பழத்தோட்டத்தை ஒட்டிக் காடும் ஆறும் இருக்கின்றன. எலிக்கும் ஒரு குறையும் இருக்காது. மாலதியிடம் மங்குஸ்தான் நாற்று வாங்கப் போவதாகச் சொன்னார். இந்தக் குளிரில் மங்குஸ்தான் வருமா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கூண்டைக் கட்டைப்பையில் வைத்து, மேலே இரண்டு முட்டைக்கோசை அடுக்கி, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளில் பை மடியில் அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை பார்த்தார். சிவகுரு கோசை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பர்லியாரில் இறங்கி, தோட்டத்துச் சுவரைச் சுற்றி, பலாமரங்களுக்கு நடுவே ஆற்றுப் பக்கம் இறங்கினார். அங்கே ஒரு பாறைக்குப் பின்னால், துண்டால் மூடிய எதையோ முன்னால் வைத்துக்கொண்டு, லிங்கசாமி குந்தியிருந்தார்.

லிங்கசாமி, மங்குஸ்தான் நாற்று வாங்க வந்ததாகச் சொன்னார். தானும் அதற்குத்தான் வந்ததாகச் சிவகுரு சொன்னார். நாற்று நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டதாக இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் முட்டைக்கோசுக்கு அடியில் இருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது. அதற்குப் பதில் சொல்வதுபோல் துண்டுக்கு அடியில் இருந்தும் வந்தது.

லிங்கசாமி துண்டை எடுத்தார். உள்ளே இருந்த எலிக்குப் பாதி வால்தான் இருந்தது.

"இது எங்கூட்டு எலிங்க" என்றார் சிவகுரு, தன்னை மறந்து.

"ஏனுங்க, எங்கூட்டுல புடிச்சத உங்கூட்டுதுன்னா எப்புடிங்க?" லிங்கசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கூட்டுலதான் தகரம் சுருங்குதுன்னு சொன்னீங்க."

எலி யாருடையது என்று இருவரும் குரல் உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தபோது, மேலே ரோட்டோரத்தில் பழக்கடை வைத்திருக்கும் மாரியாயி ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தாள். இரண்டு கூண்டையும் பார்த்தாள். அவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. குன்னூரில் இருக்கிற பெரிய மனுசர்களுக்கெல்லாம் எலி விட இந்த இடம்தான் கிடைத்ததா என்று கேட்டாள். முந்தின நாள் ஒரு வக்கீல் பிளாஸ்க் வைக்கும் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாராம். போன வாரம் ஓர் அம்மா காரில் வந்து, எலியைத் திறந்துவிட்டு, அது போன திக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாளாம். மாரியாயியின் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் முழுசாகத் தங்குவதில்லை.

"தூக்கிட்டு மேல போயிருங்க" என்றாள். "இல்லீன்னா பஸ் ஸ்டாப்புல எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போடுவேன்."

அவர்கள் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில், மடியில் ஆளுக்கொரு எலியோடு, காட்டேரி ஸ்டாப் வரை முன் சீட்டையே பார்த்தபடி வந்தார்கள். காட்டேரி தாண்டியதும் லிங்கசாமி, தன் வீட்டில் ஆவணி மாதத்திலிருந்தே சத்தம் இருப்பதை மெல்லச் சொன்னார். பிடித்ததையெல்லாம் வீட்டுக்குப் பின்னால், சிவகுருவின் வேலியோரம் விட்டுக்கொண்டிருந்ததையும் சொன்னார். சிவகுரு எதிர்த்துப் பேசவில்லை. அவர் விட்டுவந்த ஓடைக்கரைக்கு நேர் எதிரே இருந்தது லிங்கசாமியின் சமையலறை.

ஸ்டாப்பில் இறங்கினால், டியூட்டி முடிந்து வந்த ரேணுகா அங்கே நின்றுகொண்டிருந்தாள். கட்டைப்பையைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். துண்டுக்கு வெளியே பாதி வால் தொங்கிக்கொண்டிருந்தது. லிங்கசாமியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பெண் வீட்டார் வருவது, மாரியாயி விரட்டியது, எல்லாவற்றையும் ரோட்டிலேயே நின்று கொட்டித் தீர்த்துவிட்டார். ரேணுகா சிரிக்கவில்லை. இரண்டு கூண்டையும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் கூண்டுகள் காலியாக, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நடுவில் என்ன நடந்தது என்று இரண்டு ஆண்களும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ரேணுகா மச்சில் ஏறினாள். கையுறை, முகக்கவசம், டார்ச். சிவகுரு ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரையும் மேலே வரச் சொன்னாள். உத்தரத்தின் மேல் எண்ணெய்க் கறைபோல ஓடிய கோட்டைக் காட்டினாள். எலி தினமும் ஒரே வழியில் உடம்பை உரசிக்கொண்டு போவதால் வரும் அழுக்கு அது, பொறியை அந்தக் கோட்டில்தான் வைக்க வேண்டும் என்றாள். பேரிக்காய்க் கிளை தகரத்தைத் தொடும் இடத்தில் இரண்டு விரல் நுழையும் சந்து இருந்தது. இதுதான் வாசல் என்றாள். கிளை போக வேண்டும் என்று சிவகுருவே சொல்லிவிட்டார்.

புழுக்கையை அப்படியே பெருக்கக்கூடாது, தூசி மூச்சில் போகும் என்று பிளீச்சிங் பவுடர் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டாள். தெளித்துக்கொண்டே போனவள் மூலையில் நின்றாள். சிவகுரு பத்திரப்படுத்தியிருந்த அட்டைப்பெட்டி அங்கே இருந்தது. அவர் எழுதிய ஆய்வு அறிக்கைகளின் நகல்கள். பெட்டியின் ஓரம் கடித்துத் திறந்திருந்தது. உள்ளே காகிதம் டஸ்ட் டீத்தூள் போல ஒரே சீராக நறுக்கப்பட்டு, பஞ்சு மெத்தை மாதிரி குழிந்திருந்தது. முப்பத்தோரு வருடம் தரம் பார்த்த கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ரேணுகா டார்ச்சை அதன் மேல் வைத்தபடி சொன்னாள்:

"அப்பாவுக்கு ஒருதரம் காய்ச்சல் வந்து ரெண்டு மாசம் படுத்துட்டாருங்க சார். எலிக்காய்ச்சல். பேக்டரியில எலியே இல்லன்னு எழுதியிருக்குதுன்னு லீவு குடுக்கல. சம்பளமும் புடிச்சுட்டாங்க."

குரலில் சண்டை இல்லை. நோயாளியின் சீட்டைப் படிக்கிற மாதிரி இருந்தது. சிவகுருவுக்கு அந்த அறிக்கைகள் நினைவில் இருந்தன. அந்த மனிதரின் காய்ச்சல் நினைவில் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். பிளீச்சிங் பவுடர் நெடியில் இருமல்தான் வந்தது. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. பெட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

பலகையில் கம்பி வந்து அடிக்கிற பொறி பன்னிரண்டு வாங்கினார்கள். இந்தத் தடவை குன்னூர் மார்க்கெட்டில், பட்டப்பகலில், சிவகுருதான் வாங்கி வந்தார். புதுப்பொருளைக் கண்டால் கூரை எலி ஒதுங்கிப் போகும், அதனால் இரண்டு நாள் பொறியை மாட்டாமல், சுட்ட தேங்காயும் கருவாடும் சும்மா வைத்துத் தின்னவிட வேண்டும் என்றாள் ரேணுகா. எலிக்கு விருந்து வைக்கிறோமே என்று லிங்கசாமி புலம்பினார். மூன்றாம் நாள் பொறியை மாட்டினார்கள். காலையில் ஆறு. அடுத்த நாள் ஐந்து. பிறகு நாலு, இரண்டு. லிங்கசாமிக்குச் செத்த எலியைக் கண்டால் தலை சுற்றியது. எடுத்துப் புதைக்கிற வேலை சிவகுருவுடையதாயிற்று. கிளையை வெட்டி, சந்தில் கம்பி வலையைத் திணித்து சிமெண்டு பூசினார்கள். அடுத்த சனிக்கிழமை பொறிகள் எல்லாம் காலியாக இருந்தன. எதற்கும் இரண்டை மட்டும் மேலேயே விட்டுவைக்கலாம் என்றாள் ரேணுகா.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா முனியசாமி, அவர் மனைவி, இன்னும் ஆறு பேர் வந்தார்கள். முனியசாமி கேத்தியில் கேரட்டும் முட்டைக்கோசும் போடுகிறவர். அதிகம் பேசாத மனிதர். சுவரைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தார். ஆய்வு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சிவகுருவுக்குத் தோன்றியது. பஜ்ஜியும் கேசரியும் வந்தன. லிங்கசாமி காலனியின் அமைதியைப் பற்றி எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எல்லோருடைய தலைக்கும் மேலே, சீலிங்கில், 'டப்' என்று ஓர் அடி விழுந்தது. தொடர்ந்து இரண்டு துள்ளல். பிறகு ஒன்றும் இல்லை.

பஜ்ஜியைக் கடித்த வாயோடு பெண் வீட்டார் எட்டுப் பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். லிங்கசாமியின் முகம் வெளிறிவிட்டது.

"அது எலிங்க" என்றார் சிவகுரு. "இதோட பதினெட்டு."

மாலதி கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். லிங்கசாமியின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். முனியசாமி டம்ளரை வைத்துவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பதினெட்டுங்களா? என்னத்த வெச்சுப் புடிச்சீங்க?"

அவர் கேரட் கழுவி மூட்டை போடுகிற கொட்டகையில் இரண்டு வருடமாக எலி. கூண்டு வைத்தார், பசை அட்டை வைத்தார், ஒன்றும் பலிக்கவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லவும் வெட்கம். பெண் கொடுக்கிற இடத்தில் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று இங்கே வருகிற வழியெல்லாம் மனைவி சொல்லிக்கொண்டே வந்தாளாம். மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். அவர் கவனிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் நின்றார். சிவகுரு மேலே இருந்து டார்ச் அடித்து, உத்தரத்துக் கோட்டைக் காட்டினார். ரேணுகாவைக் கடைசி வீட்டிலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். தேங்காயைச் சுட வேண்டுமா, பச்சையாக வைக்கலாமா என்று முனியசாமி மச்சிலிருந்தே கேட்டது கீழே எல்லோருக்கும் கேட்டது. கல்யாணத் தேதியைப் பெண்கள்தான் பேசி முடித்தார்கள். தை பத்தொன்பது.

திங்கட்கிழமை சாயங்காலம் சிவகுரு கடைசி வீட்டுக்குப் போனார். பதினோரு வருடமாகப் பக்கத்தில் இருந்தும் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்தது இல்லை. ரேணுகா டியூட்டிக்குப் போயிருந்தாள். ஆண்டாயி அவரை உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு வந்த காய்ச்சலைப் பற்றிச் சிவகுரு கேட்டார். அவள் சொன்னாள். கண் மஞ்சளானதில் ஆரம்பித்து, அடகு வைத்த தோடு வரை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. வெளியே மஞ்சுமூட்டம் இறங்கியிருந்தது.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அவர் டம்ளரில் தேத்தண்ணி அப்படியே ஆறிப்போயிருப்பதை ஆண்டாயி பார்த்தாள்.

"குடிங்க தொர. இது கடையில வாங்குன தூளு. ஒங்க பேக்டரித் தூளு வாயில வைக்க ஏலாது."

சிவகுரு குடித்தார்.